இணைப்பை அனுப்புவதும் பாட்டைச் சொல்வதும்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில், பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லெபோ பாசாரிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சுழல்முறை வேலை பார்க்கும் இளைஞர்கள் மூவர், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் கடந்து வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், பட்டர்வொர்த் பெர்ரியில் பல்லாண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், என்னைப் போல் நடுவயதைத் தொட்டவர்கள் சிலர் என்று எங்கள் வட்டம் அமைந்திருக்கிறது. கடந்த மாதத்தில் தம் மனத்தில் தங்கிய ஒரு பாடலையும் ஒரு படத்தையும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம். சொல்லப்பட்டவற்றில் சில, அடுத்த சந்திப்புக்குள் அத்தனை பேரின் வாயிலும் புழங்குகின்றன. சில, தேநீர்க் கோப்பை காலியாவதற்குள் மறக்கப்படுகின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பாட்டின் தரத்தில் மட்டும் இல்லை என்பதை நான்கு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒரு பாட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர்வது எப்படி, அந்த வழி நம் நாட்டில் எவ்வாறெல்லாம் மாறி வந்திருக்கிறது, அது ஏன் நம்மைப் போன்ற சிறிய சமூகத்துக்குப் பெரிய செய்தி என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

இன்று பகிர்தல் என்றால் பெரும்பாலோர்க்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஓர் இணைப்பை இடுவதுதான். எங்கள் வட்டத்துக்கும் அப்படியொரு குழு உண்டு. வாரத்துக்கு முப்பது, நாற்பது இணைப்புகள் அதில் வந்து விழுகின்றன. அவற்றில் எத்தனையைத் திறந்து கேட்டீர்கள் என்று ஒருமுறை ஒவ்வொருவரையும் கேட்டோம். மூன்றுக்கு மேல் சொன்னவர் ஒருவரும் இல்லை. இணைப்பை அனுப்பியவருக்கு அந்தப் பாட்டு ஏன் பிடித்தது, அதை எந்த நேரத்தில் கேட்டார், எந்த வரியில் நின்றார் என்ற எதுவும் அந்த நீல எழுத்துகளோடு வருவதில்லை. அனுப்பும் உழைப்பு ஒரு நொடியாகச் சுருங்கிவிட்டதால், பெறுபவர் அதைத் திறக்காமல் விடுவதற்கும் ஒரு நொடியே போதுமானதாகிவிட்டது.

முன்பு அவ்வாறில்லை. வானொலி 6 என்று நாங்கள் அறிந்திருந்த, 2005 முதல் மின்னல் எஃப்எம் என வழங்கும் அரசு வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. பாட்டைக் கேட்க விரும்புகிறவரின் பெயர், அவருடைய ஊர் அல்லது தோட்டம், அந்தப் பாட்டு யாருக்காக என்ற விவரம் ஆகிய மூன்றையும் அறிவிப்பாளர் நிதானமாகப் படிப்பார். கூலிம், சுங்கைப் பட்டாணி, தைப்பிங் என்று நான் அதுவரை போயிராத ஊர்களின் பெயர்களை முதலில் அறிந்தது அந்தக் குரல்களின் வழியாகத்தான். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அது யாரோ ஓர் அக்காவுக்கு, யாரோ ஒரு மாமாவுக்கு உரியதாகிவிடும். அதன் பிறகு கேட்கும் நாமும் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியை வாசலில் நின்று பார்ப்பவர்களைப் போல் கேட்போம். ஒரு பாட்டைப் பரிந்துரைப்பது என்பதன் முழுமையான வடிவத்தை, அதாவது யார், யாருக்கு, எதற்காக என்பதை, நான் கற்றுக்கொண்ட முதல் பள்ளி அதுவே.

அடுத்து ஒலிநாடாக்கள் வந்தன. 90 நிமிட வெற்று நாடா ஒன்றை வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதித் தந்தால், கடைக்காரர் பதிவு செய்து வைத்திருப்பார். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் என்பதால் பத்துப் பாடல்களை அடக்கலாம். ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டால் கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்துபோகும். ஆகவே பட்டியலை எழுதும்போதே எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்று மணிக்கணக்காக யோசிப்போம். நான் வழக்கமாகப் போன கடையின் உரிமையாளர், தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இத்தனை சோகப் பாட்டை ஒரே பக்கத்தில் வைக்காதே, நடுவில் ஒன்று மாற்றித் தருகிறேன்” என்பார். அவர் மாற்றிவைத்த பாட்டுதான் பல நேரங்களில் எனக்கு அந்த நாடாவிலேயே மிகவும் பிடித்ததாக அமைந்தது. என் விருப்பத்தை அறிந்திருந்தும், அதற்கு அரை அடி வெளியே என்னை அழைத்துச் சென்ற மனிதர் அவர். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அப்படிப் பதிவு செய்து விற்பதற்கு இடமில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாடலை உருவாக்கியவர்களுக்கு அந்தத் தாளிலிருந்து ஒரு காசும் போகவில்லை.

பிறகு வந்த விசிடி வட்டு ஒன்றில் ஏறத்தாழ 74 நிமிடமே அடங்கியதால், இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் மூன்று வட்டுகளாக வரும். முதல் வட்டு எந்தக் காட்சியில் முடியும் என்பது எங்கள் தலைமுறைக்கு இன்றும் நினைவிருக்கிறது. இயக்குநர் நினைத்துப் பாராத ஓர் இடைவேளை அது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளில் மலிவாகக் குவிந்த கள்ள வட்டுகளைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. வட்டுகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது வேறு. நாடாவோ வட்டோ, ஒருவரிடம் இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது, “எப்படி இருந்தது?” என்று கொடுத்தவர் கேட்பார். பார்க்காமல் திருப்பிக் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பதால், அந்தக் கேள்விக்காகவாவது பார்த்துவிடுவோம். பார்த்த பின் சொல்வதற்கு ஏதாவது இருக்கும். ஒரு பரிந்துரையில் இரண்டு உரையாடல்கள் இருந்தன: கொடுக்கும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. இணைப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பகிர்தலின் பாதி காணாமல்போனது அந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

2013இல் ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு வந்தது. 2016இன் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. அதற்குப் பின் பரிந்துரைக்கும் வேலையை இயந்திரம் பெருமளவு ஏற்றுக்கொண்டது. அது செயல்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீங்கள் கேட்ட பாடல்களையே கேட்ட வேறு மனிதர்களை அது தேடுகிறது. அவர்கள் கேட்டு, நீங்கள் இன்னும் கேட்காத பாடல் எது என்று பார்த்து, அதை உங்கள் முன் வைக்கிறது. பாட்டின் தாளம், வேகம், குரலின் தன்மை ஆகியவற்றையும் அது அளந்து பார்க்கிறது என்றாலும், பெருங்கூட்டத்தின் காலடித்தடங்களே அதற்கு முதன்மையான வழிகாட்டி. இதில் நமக்கொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடி; மலேசியாவில் இந்தியர்கள் எல்லாரும் சேர்ந்து சுமார் 20 இலட்சம். தமிழ்ப் பாட்டுக் கேட்கும் ஒருவருக்கு ‘உங்களைப் போன்றவர்’ என்று இயந்திரம் கண்டுபிடித்துத் தருபவர் சென்னையிலோ மதுரையிலோ இருப்பதற்கான வாய்ப்பே மிகுதி. பினாங்கில் இருக்கும் நான் பினாங்கிலேயே வீட்டில் பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமானால், அந்தக் காலடித்தடங்களுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து என் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். புதிதாக வெளியான பாட்டுக்கு அடிச்சுவடுகளே இல்லை என்பதால் அதன் நிலை இன்னும் கடினமானது.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 நொடிகளுக்குக் குறையாமல் கேட்டால்தான் அது ஒருமுறை ஒலித்ததாகக் கணக்கில் ஏறும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாக ஒலித்த பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத் தொகை எதுவும் பிரித்துத் தரப்படுவதில்லை. சென்னையின் பெரிய பாடல்களுக்கு இந்த 1,000 என்பது ஒரு பொருட்டே இல்லை. தன் சம்பளத்திலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கட்டணம் செலுத்திப் பாட்டு வெளியிடும் உள்ளூர்ப் பாடகருக்கோ அது வாசற்படி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 40 பேர் ஒரு பாட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுமையாகக் கேட்டால் ஆண்டுக்கு 1,040. எங்கள் வட்டமும் ஒவ்வொருவரின் வீட்டாரும் சேர்ந்தாலே அந்த 40 பேர் தேறிவிடுவார்கள். புலனக் குழுவில் இணைப்பைத் தொட்டுவிட்டு, பத்தாவது நொடியில் வேறொன்றுக்குத் தாவுகிறவர்கள் 400 பேர் இருந்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. ஒருவர் உட்கார்ந்து கேட்கும்படி ஒரு பாட்டைச் சொல்லத் தெரிந்திருப்பது, அதை உருவாக்கியவருக்கு நேரடியாகப் பயன்படும் செயல் என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ளூர்த் திரைப்படங்களுக்கு இந்தக் கெடு இன்னும் குறுகியது. நம் திரையரங்குகளில் புதுப்படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வெளியாகின்றன. மலேசியப் படங்களுக்கு அரங்கில் இடம் கிடைப்பதை உறுதிசெய்ய ‘வாஜிப் தாயாங்’ என்னும் கட்டாயத் திரையிடல் திட்டத்தை, தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் நடத்துகிறது. ஆயினும் முதல் வார இறுதியில் இருக்கைகள் நிறையாத படத்துக்கு, அதற்குப் பின் கிடைப்பது வேலைநாள் நண்பகல் காட்சிகளாகவே இருக்கும். நண்பர்களில் யாராவது பார்த்துச் சொல்லட்டும், பிறகு போகலாம் என்று காத்திருப்பது சென்னைப் படத்துக்குச் சரியான முறையாக இருக்கலாம். உள்ளூர்ப் படத்தை அந்த முறை கொன்றுவிடும். இதை உணர்ந்த பின், எங்கள் வட்டத்தில் உள்ளூர்த் தமிழ்ப்படம் வெளியாகும் வாரத்தில் மாதச் சந்திப்புக்காகக் காத்திருப்பதில்லை. வியாழன் இரவுக் காட்சிக்கு இருவர் போகிறார்கள். திரும்பியதும் குழுவில் எழுத்தாக இல்லாமல் குரலாக, இரண்டு நிமிடத்துக்குள், கண்டதைச் சொல்கிறார்கள். குரலில் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஆசிரியைதான். ஒருவருக்கு உண்மையாகவே பிடித்திருக்கிறதா, கடமைக்காகப் பாராட்டுகிறாரா என்பது குரலில் மறையாது என்றார். அது உண்மையென்று கண்டுகொண்டோம். உள்ளூர்ப் படம் என்பதற்காகவே புகழ்வது அந்தப் படத்துக்கும் கேடு, அடுத்த படத்துக்கும் கேடு. ஒருமுறை அப்படிப் புகழ்ந்து பத்துப் பேரை அனுப்பியவரின் சொல்லை அடுத்த ஓராண்டுக்கு ஒருவரும் நம்பவில்லை.

சரி, எப்படித்தான் சொல்வது? எங்கள் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது, கேட்க வேண்டிய சூழலைச் சேர்த்துச் சொல்வது. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அனுமதிக்கப்பட்ட 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கடக்க ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். தொழிற்சாலைத் தம்பி ஒருவர் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வாகனத்தில் பெருநிலத்துக்குத் திரும்பும்போது கேட்ட இரண்டு பாடல்களை, “இதை வீட்டில் கேட்காதீர்கள் அண்ணே, பாலத்தில் ஏறும்போது முதலாவதைத் தொடங்கினால், இறங்கும்போது இரண்டாவது முடியும்” என்று சொல்லிக் கொடுத்தார். அந்த மாதம் எல்லாரும் கேட்ட பாடல்கள் அவை இரண்டும்தான். இசை அமைந்த விதத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களுக்கு ஓர் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தார், அதுவே போதுமானதாயிற்று.

மற்றொன்று, ஒரு புதிய பாட்டை அதற்கு உறவான பழைய பாட்டோடு சேர்த்துக் கொடுப்பது. வயது கலந்த வட்டத்தில் இது தவறாமல் பலன் தருகிறது. யோகி பி - நட்சத்திரா குழுவின் 2006ஆம் ஆண்டு ‘வல்லவன்’ தொகுப்பில் வந்த ‘மடை திறந்து’, மலேசியத் தமிழ் ராப் இசையைக் கடல் கடந்து கொண்டுபோன பாட்டு. அதன் வேர், 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு. பெர்ரி அண்ணனுக்குப் பழையதுதான் பாட்டு. தொழிற்சாலைத் தம்பிகளுக்குப் புதியதுதான் பாட்டு. ஒருவர் பாட்டை மற்றவர் ஒரு மாதம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று முடிவாயிற்று. தம்பிகள் பழையதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனுக்கு மூன்று மாதம் ஆனது. மூன்றாவது மாதம் வந்து, “வேகமாகப் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன், சொல்லைத் தாளத்துக்குள் அடுக்குகிறான். பாட்டுக்காரனின் கனவைச் சொல்லும் பாட்டைப் பாட்டுக்காரனாக வர நினைக்கும் நம் ஊர்ப் பையன் எடுத்துச் சொல்வது சரிதான்” என்றார். அவர் திருப்பிக் கொடுத்த அந்தச் சொற்கள், அந்தப் பாட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த எனக்கே புதியவை.

அண்மையில் இதே போன்றொரு பாலத்தை ஒரு படமே அமைத்துக் கொடுத்தது. 2024இல் வெளிவந்த ‘லப்பர் பந்து’ படத்தில், விஜயகாந்த் நடித்த 1989ஆம் ஆண்டின் ‘பொன்மனச் செல்வன்’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ பாட்டு மறுபடியும் ஒலித்து, அது பிறந்தபோது பிறந்திராதவர்களின் திறன்பேசிகளில் எல்லாம் புகுந்தது. நடிகர் விஜயகாந்த் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. இளையவர்கள் அந்தப் பாட்டைக் கொண்டுவந்தபோது, முதிய ரசிகர்கள் விஜயகாந்த் படங்களைத் திரையரங்கில் பார்த்த நாள்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றைய கூட்டம் முடிய இரவு பதினொன்றாகிவிட்டது.

படங்களைச் சொல்லும்போது, எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சி. பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27இல் ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாக வெளியாகி, சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. வெளியான வாரத்தில் சென்னைக்குப் போயிருந்த எங்கள் வட்டத்துத் தோழி ஒருவர் நீண்ட வடிவத்தைப் பார்த்திருந்தார். மற்றவர்கள் பின்னர்ப் பார்த்தார்கள். படம் இழுக்கிறதா இல்லையா என்ற வாதம் அரை மணி நேரம் சூடாக நடந்த பிறகுதான், நாங்கள் பேசிக்கொண்டிருந்தவை ஒரே நீளமுள்ள படங்கள் இல்லை என்பது தெரிந்தது. நான் நீண்ட வடிவத்தின் பக்கம். இரண்டு மனிதர்கள் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதைச் சொல்லும் படத்தில், பேச்சு சற்று அலைந்து திரும்புவதற்கும் இடம் வேண்டும்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பது எங்கள் வட்டத்தில் இன்னும் தீராத வழக்கு. திருப்பத்தைச் சொல்லக் கூடாது என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் எதையுமே சொல்லாமல், “அருமை, கட்டாயம் பாருங்கள்” என்று முடிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அது குரல் வடிவில் வந்த இணைப்பு, அவ்வளவே. ஒரே ஒரு காட்சியை, அல்லது பாட்டென்றால் ஒரே ஒரு வரியை, அருகில் கொண்டுவந்து காட்டச் சொல்கிறோம். நாயகன் கதவைச் சாத்தும் ஒலி, இரண்டாம் சரணத்துக்கு முன் நாதஸ்வரம் நுழையும் இடம், பின்னணியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்லும் விதம் என்று இப்படி ஏதாவது ஒன்று போதும். அதைக் கவனித்தவரின் கண் நமக்குச் சிறிது நேரம் இரவலாகக் கிடைக்கிறது.

எங்கள் சந்திப்பில் இப்போது புதிய பாடல்களுக்குப் போவதற்கு முன், சென்ற மாதம் பெற்றுக்கொண்டவற்றைத் திருப்பிக் கொடுப்பது முதல் வேலையாகிவிட்டது. பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் விலகினோம் என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகு, எங்களில் பலர் எதைப் பரிந்துரைப்பது என்பதையே மாற்றிக்கொண்டார்கள். திருப்பி வரப்போகிறது என்று தெரிந்தால், யாருக்கு எது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கத் தோன்றுகிறது. அந்தக் காலத்து நாடாக் கடைக்காரர் செய்ததும் அதுவே.

வரும் ஞாயிறு நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வெளியான ‘ஜகாட்’ படத்தை மறுபடியும் பார்க்கும்படி ஆசிரியை எனக்குச் சொல்லியிருந்தார். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்ற அந்தப் படத்தை, வெளியான வாரத்திலேயே பார்த்தவன் நான். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்துச் சிறுவன் அப்போயின் கதை என்பதாகத்தான் இத்தனை ஆண்டுகளும் அதை நினைவில் வைத்திருந்தேன். அவன் குறும்பும் கற்பனையும் அப்போது என்னைக் கட்டிப்போட்டிருந்தன. சென்ற வாரம், ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகன் பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருக்க, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பையன் படித்து மேலேறிவிட வேண்டும் என்று அடித்துத் திருத்தப் பார்க்கும் அந்த அப்பாவைத்தான் இம்முறை படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆசிரியையிடம் சொல்ல வேண்டும்.